நீராவி இப்போது எங்கே நிற்கிறது?

கேள்வி இதுதான்: டீசல், மின்சார இஞ்சின்களை மட்டுமே பார்த்து வளர்ந்த இளம் பணியாளர்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு, நீராவி இஞ்சினின் வால்வும் பிஸ்டனும் எப்படி வேலை செய்கின்றன என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். திரையில் படம் போட்டு விளக்கினால் தலையாட்டுகிறார்கள். மறுநாள் கேட்டால் ஒன்றும் மனதில் நிற்பதில்லை. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு அந்தக் காலத்தில் இதை எப்படிப் புரியவைத்தார்கள்?

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். 1970களின் பிற்பகுதியில் ஒரு மீட்டர் கேஜ் இஞ்சின் ஷெட்டில், அடுப்புக்குக் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன்களுக்கு வகுப்பெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. டிப்ளமோ முடித்த மிதப்பில் இருந்தேன். கரும்பலகை நிறைய வட்டங்களும் கோணங்களும் போட்டு ஒன்றரை மணி நேரம் பேசினேன். திரும்பிப் பார்த்தால் முன்வரிசையில் ஒருவர் நல்ல உறக்கத்தில் இருந்தார். பின்வரிசையிலிருந்து வயதான ஃபயர்மேன் ஒருவர் எழுந்து, "எல்லாம் சரி சார், இப்போது நீராவி எங்கே நிற்கிறது?" என்று கேட்டார். கரும்பலகையைப் பார்த்தேன். வட்டம் இருந்தது, கோணம் இருந்தது, அம்புக்குறிகூட இருந்தது. நீராவி எங்கும் இல்லை.

அதற்குப் பிறகு நான் எடுத்த வகுப்புகள் எல்லாம் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான். வால்வு இங்கே, பிஸ்டன் அங்கே, சரி, நீராவி எங்கே? எந்தப் பக்கம் உள்ளே வருகிறது, எந்தப் பக்கம் அடைபட்டிருக்கிறது, எந்தப் பக்கம் புகைபோக்கிக்குப் போகிறது? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த ஆளுக்கு வரைபடம் தேவையில்லை. பதில் சொல்லத் தெரியாதவர் எத்தனை வரைபடம் போட்டாலும், நடுவழியில் இஞ்சின் படுத்துவிட்டால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

பிஸ்டனில் தொடங்குங்கள், ஆனால் அதில் அதிக நேரம் செலவிடாதீர்கள். அது எளிது. சைக்கிள் பம்பைக் கொண்டுபோய்க் கொடுங்கள். பம்பில் ஒரு பக்கம்தான் வேலை நடக்கிறது. இஞ்சின் சிலிண்டரில் இரண்டு பக்கமும் வேலை. பிஸ்டனின் முன்பக்கத்தில் நீராவி தள்ளும்போது பின்பக்கத்தில் பழைய நீராவி வெளியேறுகிறது. திரும்பும்போது பாத்திரங்கள் மாறிக்கொள்கின்றன. தள்ளும் பலத்தை எண்ணில் சொன்னால்தான் மரியாதை வரும். எங்கள் ஷெட்டில் இருந்த ஒய்பி என்ற மீட்டர் கேஜ் பயணிகள் வண்டி இஞ்சினின் சிலிண்டர் விட்டம் 15¼ அங்குலம். பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. பெருக்கிப் பார்த்தால் பிஸ்டன் முகத்தில் ஏறக்குறைய 17 டன். பாய்லரின் முழு அழுத்தமும் சிலிண்டர் வரை வந்து சேராது என்றாலும், நாலு யானை ஏறி நிற்கும் கனம் ஒரு தவலை வாயளவு வட்டத்தின்மேல் என்று சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

சைக்கிள் இன்னொரு காரியத்துக்கும் உதவும். ஒரு பெடலை நேர் மேலே நிறுத்திவிட்டு நேர் கீழாக அழுத்தச் சொல்லுங்கள். சைக்கிள் நகராது. எவ்வளவு பலம் கொடுத்தாலும் அச்சைத்தான் அழுத்துகிறோம், சுற்றவில்லை. இதுதான் டெட் சென்டர். சைக்கிளில் இரண்டு பெடலும் எதிரெதிராக இருப்பதால் ஒரே நேரத்தில் இரண்டும் செத்துப்போகின்றன. நாம் காலைத் தரையில் ஊன்றித் தப்பிக்கிறோம். இஞ்சினுக்கு ஊன்றக் கால் இல்லை. அதனால் பெடல் தண்டு போலச் சக்கரத்தைச் சுற்றும் இடது கிராங்கையும் வலது கிராங்கையும் கால் சுற்று விலக்கி வைத்தார்கள். ஒரு பக்கம் செத்திருக்கும் கணத்தில் மறுபக்கம் முழு பலத்தில் இருக்கும். இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் இரண்டு முகம். ஆக ஒரு சுற்றுக்கு நான்கு முறை நீராவி வெளியேறுகிறது. நாம் சின்ன வயதில் வாயால் ஓட்டிய ரயிலின் சத்தம் அதுதான். ஒய்பி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சக்கரம் நொடிக்குக் கிட்டத்தட்ட நான்கு சுற்று சுற்றும். அதாவது நொடிக்குப் பதினைந்து மூச்சு. காது தனித்தனியாக எண்ண முடியாமல் ஒரே இரைச்சலாகக் கேட்பதற்கு அதுதான் காரணம்.

இனி வால்வு. இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும். திரையை அணைத்துவிட்டு அட்டையும் கத்தரியும் கொடுங்கள்.

ஆளுக்கு ஒரு நீளமான அட்டை. அதன் நடுவில் மூன்று வாசல்கள் வரையச் சொல்லுங்கள்: இடது ஓரத்தில் 1 சென்டிமீட்டர் வாசல், பிறகு 1 சென்டிமீட்டர் சுவர், நடுவில் 2 சென்டிமீட்டர் வாசல், மறுபடி 1 சென்டிமீட்டர் சுவர், வலது ஓரத்தில் 1 சென்டிமீட்டர் வாசல். ஓரத்து வாசல்கள் இரண்டும் சிலிண்டரின் இரு முனைகளுக்குப் போகின்றன; நடுவாசல் புகைபோக்கிக்குப் போகிறது. இதன்மேல் நகரும் வால்வு இன்னொரு அட்டைத்துண்டு. நீளம் 6 சென்டிமீட்டர். அதன் நடுவில் 4 சென்டிமீட்டருக்கு நீல வண்ணம் அடியுங்கள். நீலம் என்றால் குழிவு. கவிழ்த்து வைத்த கிண்ணம் போல, வெளியேறும் நீராவியை நடுவாசலுக்குக் கடத்துவது அது. வால்வுக்கு வெளியே இரண்டு பக்கமும் பாய்லரிலிருந்து வந்த புது நீராவி நிற்கிறது. அந்த இடத்துக்குச் சிவப்பு. பழைய இஞ்சின்களின் தட்டை வால்வு இதேதான். பிற்கால பிஸ்டன் வால்வில் சிவப்பும் நீலமும் இடம் மாறும், நடுவிலிருந்து நீராவி உள்ளே போகும். அதை இப்போது சொல்லிக் குழப்ப வேண்டாம்.

வால்வை நடுவில் வைத்தால் இரண்டு ஓர வாசலும் சரியாக மூடியிருக்கும். இப்போது ஒரு நூலளவு வலப்பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள். இடது வாசல் சிவப்புக்குத் திறக்கிறது. வலது வாசல் நீலத்துக்குத் திறக்கிறது. நீராவி எங்கே? சிலிண்டரின் இடது முனையில் புதியது, வலது முனையில் போகிறது. இடப்பக்கம் நகர்த்தினால் எல்லாம் தலைகீழ். ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் புரிந்துவிடும். முதல் காலத்து நீராவி இஞ்சின்கள் ஏறக்குறைய இப்படித்தான் ஓடின.

இப்போது கேளுங்கள்: இரண்டு வாசலும் மூடி, நீராவி உள்ளேயே அடைபட்டிருக்கும் நேரம் எது? தேடிப் பார்ப்பார்கள். கிடைக்காது. இம்மி நகர்ந்தாலும் ஏதாவது ஒன்று திறந்துவிடுகிறது. அதாவது பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனை போகும்வரை புது நீராவி வந்துகொண்டே இருக்கிறது. போய்ச் சேர்ந்ததும் பாய்லரிலிருந்து வந்த அழுத்தம் அநேகமாகக் குறையாமலேயே புகைபோக்கிக்குப் போய்விடுகிறது. கரும்பை ஒரே முறை மெஷினில் விட்டுச் சக்கையைத் தூக்கி எறிவது போல. சாலையோரத்தில் கரும்புச்சாறு விற்பவர் என்ன செய்கிறார்? மடித்து இரண்டாம் முறை, மூன்றாம் முறை விடுகிறார். நீராவியிலும் சாறு மிச்சமிருக்கிறது. அதைப் பிழிய வேண்டுமானால் பாதி வழியில் வாசலை மூடி, உள்ளே இருப்பதை விரியவிட வேண்டும்.

எப்படி மூடுவது என்று அவர்களையே கேளுங்கள். என் வகுப்புகளில் பெரும்பாலும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: வால்வை நீளமாக்க வேண்டும். இரண்டு முனையிலும் 8 மில்லிமீட்டர் துண்டு ஒட்டச் சொல்லுங்கள். இந்த உபரி நீளத்துக்குப் பெயர்தான் லேப். இப்போது நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 8 மில்லிமீட்டர் வரை நகர்த்தினாலும் புது நீராவி உள்ளே வராது. அடைபட்ட நேரம் பிறந்துவிட்டது.

ஆனால் உடனே ஒரு தொல்லையும் பிறக்கிறது. அதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். பிஸ்டன் முனையில் இருக்கிறது, திரும்பப் போகிறது, நீராவி வேண்டும். ஆனால் வால்வு நடுவில் நிற்கிறது. வாசல் திறக்க இன்னும் 8 மில்லிமீட்டர் நகர வேண்டும். தாமதம். ஆகவே பிஸ்டன் முனைக்கு வருவதற்குள் வால்வு முன்கூட்டியே 8 மில்லிமீட்டர் நகர்ந்திருக்க வேண்டும். சும்மா நகர்ந்தால் போதாது, வாசல் ஒரு கீற்றளவு திறந்தும் இருந்தால் நல்லது. அதற்கு 2 மில்லிமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுதான் லீட். வேகமாக வரும் பிஸ்டனுக்கு அந்தக் கீற்று ஒரு மெத்தை. கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுத்து வாங்குவோமே, அந்த மாதிரி. ஆக, பிஸ்டன் முனையில் இருக்கும்போது வால்வு நடுவிலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். இந்த ஒரு வாக்கியம் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

இதே அட்டை அளவுகளைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறேன். வாசல் முழுதாகத் திறக்கும் அளவுக்கு, நடுவிலிருந்து இருபக்கமும் 18 மில்லிமீட்டர் வால்வு ஓடினால், பிஸ்டன் முக்கால் தூரம் போனதும் நீராவி நின்றுவிடும். புறப்படும்போது இஞ்சினுக்கு வேண்டியது ஏறக்குறைய அதுதான். வால்வின் ஓட்டத்தைக் குறைத்தால் மூன்றில் ஒரு பங்கு தூரத்திலேயே நிறுத்திவிடலாம். அப்போது நீராவி விரிந்துகொண்டே போய் எழுபது சதவீதத்தைத் தாண்டிய பிறகுதான் வெளியே விடப்படுகிறது. அதற்கு ஒரு விலை உண்டு. அந்த நிலையில் வாசல் திறப்பது 3 மில்லிமீட்டர்தான். அந்த இடுக்கு வழியாக நீராவி நுழைய வேண்டும். வேகம் கூடக்கூட மூச்சுத் திணறும்.

இது வகுப்பறைக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். 1925-இல் இங்கிலாந்தில் இரண்டு ரயில் நிறுவனங்கள் தங்கள் இஞ்சின்களை மாற்றி ஓட்டிப் பார்த்தன. கிரேட் வெஸ்டர்ன் நிறுவனத்தின் பென்டெனிஸ் காசில் என்ற இஞ்சின், லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து புறப்பட்டு, எதிர் நிறுவனமான எல்என்இஆரின் வடிவமைப்பாளர் கிரெஸ்லி உருவாக்கிய, உருவத்தில் தன்னைவிடப் பெரிய பசிபிக் வகை இஞ்சின்கள் இழுத்த அதே வண்டிகளைக் குறைந்த நிலக்கரியில் இழுத்துக் காட்டியது. வித்தியாசத்தின் பெரும்பகுதி வால்வில் இருந்தது. பிறகு கிரெஸ்லியின் இஞ்சின்களில் லேப் 1¼ அங்குலத்திலிருந்து 1⅝ அங்குலமாக்கப்பட்டது; வால்வின் ஓட்டமும் நீட்டப்பட்டது. மைலுக்கு 50 பவுண்டு அளவில் இருந்த நிலக்கரிச் செலவு 40 பவுண்டுக்குப் பக்கத்தில் இறங்கியது. கூட்டியது அங்குலத்தில் எட்டில் மூன்று, ஒரு சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. ஃபயர்மேனுக்கு இந்தக் கதையைச் சொன்னால் கண் விரியும். மைலுக்குப் பத்துப் பவுண்டு என்பது அவர் முதுகு தூக்குகிற கனம் அல்லவா?

அந்தக் காலத்தில் எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்து இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு பிரிட்டன்தான். அங்கே இஞ்சின் துடைக்கும் பையனாகச் சேர்ந்து, ஃபயர்மேனாகி, பல வருடம் கழித்துத்தான் டிரைவராக முடியும். ஒவ்வொரு படிக்கும் தேர்வு உண்டு. விதிகள் ஒரு பகுதி, இஞ்சின் இன்னொரு பகுதி. ஆனால் அந்தத் தேர்வுக்குப் படிக்க முறையான பள்ளி பெரும்பாலும் கிடையாது. தொழிலாளர்களே ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஷெட்டுக்கு ஷெட், பரஸ்பர முன்னேற்ற வகுப்பு என்று பெயர் வைத்து, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில், சம்பளமில்லாத நேரத்தில் கூடுவார்கள். மூத்த டிரைவர் சொல்லிக்கொடுப்பார். அவருக்கும் அதற்குச் சம்பளம் இல்லை. இடம் என்பது ஷெட்டின் ஓய்வறையோ, கழித்துப்போட்ட ரயில் பெட்டியோ. நடுவில் மேசைமேல், உறுப்பினர்களே மரத்தில் செய்த வால்வு கியர் மாதிரி; வால்வு கியர் என்றால் வால்வை நகர்த்தும் தண்டுகளின் அமைப்பு. கைப்பிடியைச் சுற்றினால் எல்லாம் நகரும். 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வேயின் ஸ்டாண்டர்ட் கேஜ் பாதையில் நீராவி முடிவுக்கு வரும்வரை இந்த வகுப்புகள் நடந்தன. அங்குள்ள பாரம்பரிய ரயில்பாதைகளில் இன்றும் அதே பெயரில் நடக்கின்றன.

அதன் வெற்றிக்குக் காரணம் மர மாதிரி மட்டும் என்று நான் நினைக்கவில்லை. சொல்லிக்கொடுத்தவர் முந்தைய நாள் இரவு அதே இஞ்சினை ஓட்டி வந்தவர். பையன் கேட்கும் கேள்விக்குப் புத்தகத்தைப் புரட்டாமல், "போன மாதம் எனக்கு இப்படி ஆனது" என்று தொடங்குவார். உங்கள் வகுப்பிலும் ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவரையாவது உட்காரவையுங்கள். அவர் பாடம் நடத்த வேண்டாம். நடுநடுவே குறுக்கிட்டால் போதும்.

வால்வை இயக்கும் கருவியைக் கண்டுபிடித்தவர்களும் பட்டறை ஆட்கள்தான் என்பதைச் சொல்ல மறக்காதீர்கள். ஸ்டீபன்சன் லிங்க் என்று பெயர்பெற்ற அமைப்பை 1842-இல் உருவாக்கியவர்கள் நியூகாசில் பட்டறையில் வேலைபார்த்த இருவர். ஒருவர் வரைபடம் போடும் வில்லியம்ஸ், மற்றவர் வார்ப்புக்கு மர அச்சு செய்யும் ஹோ. பெயர் மட்டும் முதலாளிக்குப் போயிற்று. இரண்டு வருடம் கழித்து, 1844-இல், பெல்ஜியத்தில் வால்ஷார்ட் தன் வால்வு கியரைக் கொண்டுவந்தார். பிரஸ்ஸல்ஸ் பட்டறை மேஸ்திரி அவர். நம் நாட்டில் டபிள்யூபி, டபிள்யூஜி, ஒய்பி, ஒய்ஜி என்று சுதந்திரத்துக்குப் பின் ஓடிய இஞ்சின்கள் எல்லாவற்றிலும் சக்கரங்களுக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்த அந்தத் தண்டுகள் அவருடையவை.

அந்தத் தண்டுக் கூட்டத்தைப் பார்த்தவுடன் மிரள்வார்கள். மிரள வேண்டாம், வால்வுக்கு இரண்டே இரண்டு பேர் ஆணையிடுகிறார்கள். முதல் ஆள் கிராஸ்ஹெட், அதாவது பிஸ்டனோடு கூடவே ஓடும் கட்டை. பிஸ்டன் முனையில் இருக்கும்போது வால்வு 1 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று சொன்னோமே, அந்த வேலையைப் பார்ப்பது இவர். இரண்டாவது ஆள் ரிட்டர்ன் கிராங்க், அதாவது சக்கரத்தின் கிராங்க் ஆணியில் பொருத்திய சின்னக் கிராங்க். பிஸ்டன் வீச்சின் நடுப்பகுதியில் வால்வை நன்றாகத் திறக்கவைப்பதும், முன்னோட்டமா பின்னோட்டமா என்று தீர்மானிப்பதும் இவர் வேலை. இருவர் சொல்வதையும் கூட்டி வால்வுக்குச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர்தான் செங்குத்தாகத் தொங்கும் காம்பினேஷன் லீவர்.

இதற்கு ஒரு மரச்சட்டமும் மூன்று ஆட்களும் போதும். சட்டத்தின் கீழ்முனையை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும், அவர் கிராஸ்ஹெட். மேல்முனையை இன்னொருவர் பிடிக்கட்டும், அவர் ரேடியஸ் ராடு, அதாவது ரிட்டர்ன் கிராங்கின் ஆணையைக் கொண்டுவரும் தண்டு. மேல்முனைக்குச் சற்றுக் கீழே மூன்றாமவர் விரல் வைத்துக்கொள்ளட்டும், அவர் வால்வு. மேலே இருப்பவர் அசையாமல் நிற்க, கீழே இருப்பவர் முன்னும் பின்னும் நகரட்டும். வால்வு கொஞ்சமே நகரும். அதுதான் நடு கியர். 28 அங்குல வீச்சில் கிராஸ்ஹெட் ஓட, லேப்பும் லீட்டும் சேர்ந்து 1¾ அங்குலம் வேண்டுமென்றால் எட்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சட்டத்தைத் துளைக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இப்போது மேலே இருப்பவரும் நகரத் தொடங்கினால் வால்வின் ஓட்டம் பெருகுகிறது. அவர் எவ்வளவு நகர வேண்டும், எந்தத் திசையில் என்பதைத்தான் டிரைவர் கையில் இருக்கும் ரிவர்சர் கட்டுப்படுத்துகிறது: ரிட்டர்ன் கிராங்க் ஆட்டும் வளைந்த லிங்க்குக்குள் ரேடியஸ் ராடின் கட்டையைக் கீழே இறக்கினால் ஒரு திசை, மேலே ஏற்றினால் மறுதிசை, நடுவில் வைத்தால் சும்மா. "ரிவர்சர் என்பது பின்னோக்கிப் போகும் கருவி" என்ற தப்பெண்ணம் அங்கேயே உதிர்ந்துவிடும். ஓட்டத்தில் பெரும்பாலான நேரம் அது நிலக்கரியை மிச்சப்படுத்தும் கருவி.

ஒரு சின்னக் குறிப்பு, ஷெட்டில் பெருமை அடித்துக்கொள்ள உதவும். ரேடியஸ் ராடு மேலே, வால்வு தண்டு அதற்குக் கீழே பொருத்தியிருந்தால் உள்ளிருந்து நீராவி நுழையும் பிஸ்டன் வால்வு. வால்வு தண்டு மேலே இருந்தால் வெளியிலிருந்து நுழைவது. மூடியைக் கழற்றாமலே சொல்லிவிடலாம்.

அட்டையும் சட்டமும் முடிந்தபின் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். இனிக் கற்றுக்கொடுப்பது காதுக்கு. புறப்படும்போது ரிவர்சர் முழுதாக முன்னே இருக்கும். மூச்சு வெடித்து வெளியே வரும். சாறு மிச்சமிருக்கும் சக்கை அது. வேகம் பிடித்தபின் டிரைவர் ரிவர்சரைப் பின்னுக்குச் சுற்றச் சுற்ற சத்தம் தணியும். இழுப்பு குறையாமல் சத்தம் மட்டும் தணிந்தால் நீராவி உள்ளேயே உழைத்துவிட்டு வருகிறது என்று பொருள். நாலு மூச்சும் ஒரே சீராக இருக்கிறதா? ஒன்று மட்டும் நொண்டினால் ஒரு பக்கத்து வால்வு ஒழுங்கு தவறியிருக்கிறது. மூச்சுகளுக்கு இடையில் விடாமல் ஓர் இரைச்சல் கேட்டால் எங்கோ கசிகிறது. புது நீராவி நேராகப் புகைபோக்கிக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

கசிவு வால்விலா, பிஸ்டன் வளையத்திலா, எந்தப் பக்கம்? இந்தச் சோதனையைச் செய்து காட்டாமல் வகுப்பை முடிக்காதீர்கள். அட்டையில் படித்தது அத்தனையும் இங்கே வேலைக்கு வருகிறது. வலது பக்கத்தைச் சோதிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது கிராங்க் ஆணி நேர் மேலே வருமாறு இஞ்சினை நிறுத்துங்கள். பிரேக்கை இறுக்கி, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். இதில் சமரசமே கூடாது. இஞ்சினுக்கு அடியிலோ தண்டுகளுக்கு இடையிலோ ஒருவரும் இருக்கக் கூடாது. ரிவர்சரை நடுவில் வையுங்கள். சிலிண்டரின் இரு முனையிலும் இருக்கும் வடிகால் குழாய்களான காக்குகளைத் திறந்துவிட்டு, பாய்லர் நீராவியை விடும் ரெகுலேட்டரைச் சற்றே திறவுங்கள்.

இப்போது கேளுங்கள்: வலது பக்கத்தில் நீராவி எங்கே? பிஸ்டன் நடுவில் இருப்பதால் கிராஸ்ஹெட்டின் ஆணை பூஜ்யம். ரிவர்சர் நடுவில் இருப்பதால் ரிட்டர்ன் கிராங்கின் ஆணையும் பூஜ்யம். வால்வு சரி நடுவில் நின்று இரண்டு வாசலையும் மூடியிருக்கிறது. ஆகவே வலது காக்குகள் இரண்டிலும் நீராவி வரக் கூடாது. வந்தால், அல்லது புகைபோக்கியில் இரைந்தால், வால்வு கசிகிறது. இடது பக்கத்தில் ஒரு காக் சீறும். பயப்படத் தேவையில்லை, அந்தப் பக்கம் டெட் சென்டரில் இருக்கிறது, லீட் கீற்று திறந்திருக்கிறது. இந்த இடத்தில் வகுப்பில் ஒருவராவது "ஓ" என்பார்.

அடுத்து ரிவர்சரை முழுதாக முன்னோட்டத்துக்குக் கொண்டுபோங்கள். வலது சிலிண்டரின் பின்முனைக்கு நீராவி வருகிறது. பின் காக் சீற வேண்டும். முன் காக்கிலும் சீறினால் நீராவி பிஸ்டனைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போகிறது, வளையங்கள் தேய்ந்துவிட்டன. கிராங்க் முழு பலம் காட்டும் நிலையில் இருப்பதால் இஞ்சின் பாயப் பார்க்கும்; கட்டை எதற்கு என்பது அப்போது தெரியும். பிறகு இடப்பக்கத்துக்கும் இதேபோல. பத்து நிமிட வேலை, ஒரு நட்டையும் கழற்றவில்லை.

காக்குகளைப் பற்றிப் பேசும்போதே தண்ணீரைப் பற்றியும் எச்சரித்துவிடுங்கள். நெடுநேரம் நின்ற இஞ்சினின் சிலிண்டரில் நீராவி குளிர்ந்து தண்ணீராகத் தேங்கியிருக்கும். நீராவி நசுங்கும், தண்ணீர் நசுங்காது. பிஸ்டன் முனைக்கு வரும்போது அதற்கும் மூடிக்கும் இடையில் இருப்பது மிகக் குறுகிய இடைவெளி. அதற்குள் ஒரு படி தண்ணீர் மாட்டிக்கொண்டால் மூடி பிளக்கும், தண்டு வளையும். நான் பார்த்த ஒரு மூடி இளநீர் ஓடு போலப் பிளந்து கிடந்தது. காக்கைத் திறக்காமல் அவசரப்பட்டவர் அனுபவம் இல்லாதவரும் அல்லர்; மழை பெய்துகொண்டிருந்தது, சிக்னல் விழுந்துவிட்டது, மறந்துவிட்டார்.

பழைய தேர்வுகளில் இன்னொரு கேள்வி கட்டாயம் இருக்கும்: நடுவழியில் ஒரு பக்கத்துத் தண்டு உடைந்தால் என்ன செய்வாய்? அந்தப் பக்கத்தைக் கழற்றி, வால்வை நடுவில் நிறுத்தி இரண்டு வாசலையும் மூடி அசையாமல் கட்டி, பிஸ்டனையும் நகராதபடி பூட்டி, ஒற்றைச் சிலிண்டரில் ஊர்ந்து வந்து சேர வேண்டும். இன்று யாரும் இதை வழியில் செய்யச் சொல்லமாட்டார்கள். மீட்பு இஞ்சின் வரும். ஆனாலும் வாயால் சொல்லவையுங்கள். வால்வை ஏன் நடுவில் நிறுத்த வேண்டும் என்பதற்குச் சரியான பதில் வந்துவிட்டால் அட்டைப் பாடம் முழுதும் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் ஆட்கள் நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை இஞ்சினில் ஏறப்போகிறவர்கள் என்றால் இன்னும் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்து, பிற்காலத்தில் நம் பொன்மலைப் பட்டறையிலும் புதிதாகக் கட்டப்பட்ட அந்த இஞ்சினுக்கு நான்கு சிலிண்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சமவெளியில் உயர் அழுத்தச் சிலிண்டர்கள் இரண்டு மட்டும் ஓடும் சக்கரங்களைச் சுற்றும். கல்லாற்றில் பல் தண்டவாளம் தொடங்கியதும், அவற்றிலிருந்து வெளியேறும் நீராவி புகைபோக்கிக்குப் போகாமல், மேலே இருக்கும் தாழ் அழுத்தச் சிலிண்டர்களுக்குத் திருப்பப்படுகிறது. அவை பல்சக்கரங்களைச் சுற்றி இஞ்சினை மேலே ஏற்றுகின்றன. கரும்பு உவமையை முதல் நாளே சொல்லிவைத்திருந்தால் இங்கே விளக்கமே வேண்டாம். ஒரு மெஷினில் பிழிந்த கரும்பு அடுத்த மெஷினுக்குப் போகிறது.

கடைசியாக, மாதிரி செய்வது பற்றி. அட்டை ஒரு வகுப்புக்குத் தாங்கும். தொடர்ந்து நடத்துவதானால் பிளைவுட்டில் செய்யுங்கள், குறைந்தது ஒரு கை நீளத்துக்கு. சின்னதாகச் செய்தால் லீட் கீற்று கண்ணுக்குத் தெரியாது. நான் முதலில் செய்ததில் லேப்பே ஒரு தீக்குச்சித் தடிமன்தான் இருந்தது, யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இணைப்புகளுக்கு ஆணி அடிக்காமல் போல்ட்டும் வாஷரும் போடுங்கள். ஆட்டம் இருந்தால் அந்த 2 மில்லிமீட்டர் அதிலேயே காணாமல் போகும். சிலிண்டரை மூடாமல் விட்டு, சிவப்பு, நீலம் துணித்துண்டுகளைப் பக்கத்தில் வையுங்கள். நீங்கள் கைப்பிடியைச் சுற்றி எங்காவது நிறுத்த, எதிரில் இருப்பவர் துணிகளை உரிய முனைகளில் வைக்க வேண்டும். எந்த வாசலும் திறக்காத இடத்தில் நிறுத்தினீர்களானால், சிவப்பையும் நீலத்தையும் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் திகைத்து நிற்பார். அவசரப்பட்டு உதவிவிடாதீர்கள்.